இலையைத் திருப்பிப் பாருங்கள்

(நமது பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் என்னை அழைத்தபோது, சர்க்கரை வியாதியைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ பேசுவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். அவை பற்றிப் பேச இந்த நாட்டில் ஆட்களுக்குக் குறைவில்லை. நான் வேறொன்றை எடுத்துக்கொண்டேன். நமது வகுப்பு வட்ஸ்அப் குழுவில் எனக்கு வரும் படங்களில் பாதி மனித உடம்பின் படங்கள் அல்ல. ரொறொன்ரோவிலிருந்து ஒரு அக்கா மேப்பிள் இலை முழுக்கச் சிவப்புப் பரு என்று அனுப்புகிறா. மெல்பேர்ணிலிருந்து ஒருத்தி எலுமிச்சங் கிளையில் கட்டி வந்திருக்கிறது, இது கான்சரா என்று கேட்கிறாள். ஊரில் இருப்பவர்கள் ரோசாச் செடி, மாவிலை, கறுவா இலை, கோவா வேர் என்று ஒவ்வொன்றாக அனுப்புகிறார்கள். டொக்டர் என்றால் எல்லாக் கட்டிக்கும் டொக்டர்தானே என்ற நம்பிக்கை போலும்.

எனக்கு இதில் ஒரு உரிமை இருக்கிறது என்றே நினைக்கிறேன். இறம்பொடைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள் நான். இலையில் வரும் கொப்புளம் எங்கள் வீட்டில் சோற்றுப் பிரச்சினை. ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

தேயிலைக்கு வரும் கொப்புள நோயைத் தோட்டத்தில் பிறந்த எவரும் பார்த்திருப்பீர்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மழையும் மூடுபனியும் விடாமல் நிற்கும் நாட்களில் இளங்கொழுந்தில் முதலில் ஒரு சிறு புள்ளி தெரியும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் எண்ணெய் பட்ட கடதாசி போல அந்த இடம் மட்டும் ஒளி ஊடுருவும். ஒரு வாரம் பத்து நாளில் அது வட்டமாகப் பெருக்கும். மேற்பக்கம் குழிந்து பளபளக்கும். அடிப்பக்கம் உப்பிக்கொண்டு வரும். பிறகு அந்த உப்பல் மேல் வெள்ளை வெல்வெட் விரித்தது போல் ஒரு படலம் பூக்கும். அந்த வெண்மைதான் வித்துகள். ஒரு கொப்புளத்திலிருந்து இலட்சக்கணக்கில் காற்றில் ஏறும். கடைசியில் கொப்புளம் பழுப்பாகிக் காய்ந்து, இலை சுருண்டு, தண்டில் பட்டிருந்தால் தண்டே ஒடிந்து விழும். புள்ளி விழுந்ததிலிருந்து அடுத்த வித்துப் பூக்கும் வரை மூன்று நான்கு வாரம் போதும். மழைக்காலம் முடிவதற்குள் பல தலைமுறை ஓடிவிடும்.

இதைச் செய்வது எக்ஸோபசிடியம் வெக்சான்ஸ் என்ற பூஞ்சணம். வெக்சான்ஸ் என்றால் லத்தீனில் தொல்லை தருவது. பெயர் வைத்தவர் பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார். அசாமில் 1868இலேயே இதைக் கண்டிருக்கிறார்கள்; 1898இல் முறையாக விவரித்துப் பெயரிட்டார்கள். அதன் பிறகும் ஏறத்தாழ ஐம்பது வருடம் அது தெற்கே நம் பக்கம் வரவில்லை. 1946இல் தென்னிந்தியத் தோட்டங்களுக்கு வந்தது. அதே ஆண்டு இலங்கைக்கும் வந்துவிட்டது.

என் அப்பாயி சிறு பிள்ளையாகக் கொழுந்தெடுக்கப் போன காலம் அது. "கொழுந்துக்கு அம்மை போட்டிருச்சு" என்றுதான் அப்பாயி அந்த வருடங்களைச் சொல்லுவா. மலைக்குப் போனால் எடுக்க இலை இருக்காது, இருக்கிற இலையைக் கூடையில் போட்டால் ஸ்டோரில் ஏற்க மாட்டார்கள். 1948இல் எங்கள் சனத்தின் பிரஜாவுரிமையும் போனது. இரண்டையும் அப்பாயி ஒரே மூச்சில்தான் சொல்லுவா. நாடில்லை, கொழுந்துமில்லை என்று.

ஏன் கொழுந்தை மட்டும் பிடிக்கிறது? இது முக்கியமான கேள்வி. முற்றிய தேயிலை இலையின் தோல் தடித்தது. பூஞ்சணத்தால் துளைக்க முடியாது. இளசான, சாறுள்ள இலையும் தண்டுமே அதற்கு இரை. நமக்கு வேண்டிய இரண்டு இலையும் ஒரு மொட்டும்தான் அதற்கும் வேண்டும். கவ்வாத்து வெட்டிய மலையில் புதுத்துளிர் வரும்போது மழையும் சேர்ந்துவிட்டால் அந்த மலையின் கதி சொல்லத் தேவையில்லை. செடி முழுவதும் இளசு.

தலவாக்கலையில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். அதுவும் 1925இல் தொடங்கப்பட்டதுதான். நமது சங்கத்தை ஒத்த வயது. செம்பு கலந்த மருந்தைத் தெளிக்கலாம் என்பது பொதுவாகத் தெரிந்திருந்தது. எவ்வளவு, எப்போது என்பதுதான் கேள்வி. கண்மூடித்தனமாக வாரா வாரம் அடித்தால் செலவு ஒரு பக்கம், மண்ணில் செம்பு சேர்வது மறுபக்கம். வெயிலும் மழையும் இந்த நோயை எப்படி ஆட்டிவைக்கின்றன என்று விஸ்ஸர், சண்முகநாதன், சபாநாயகம் என்ற மூவர் அளந்து 1961இல் கட்டுரை எழுதினார்கள். ஒரு நாளில் எத்தனை மணிநேரம் வெயில் அடித்தது என்பதை வைத்தே மருந்து தேவையா இல்லையா என்று முடிவு செய்யலாம் என்ற வழி அப்படித்தான் பிறந்தது. இந்த வித்துக்கு வெயிலும் உலர்ந்த காற்றும் எமன். கொழுந்தெடுக்கும் இடைவெளியைக் குறைத்தாலும் நோய் குறையும். கொப்புளம் வெள்ளை பூப்பதற்கு முன்பே இலை கூடைக்குப் போய்விடுகிறது. ஆக, சுற்று தவறாமல் மலைக்குப் போகும் ஒரு கொழுந்துக்காரியின் விரல்களும் அந்த நோய்க்கு மருந்துதான். எந்த அறிக்கையில் இதற்காக அவளுக்கு நன்றி சொல்லியிருக்கிறார்களோ தெரியாது.

நீலப்பச்சைக் கறை படிந்த கைகளோடு மருந்தடித்து வரும் மாமாமார்கள் எங்கள் லயத்தில் இருந்தார்கள். கையுறையும் முகமூடியும் அந்நாளில் யார் கண்டது. அதற்குப் பிறகு வருகிறேன்.

கொப்புள நோய்க்கு முன்பே இந்த மலைகள் இன்னொரு இலை நோயைப் பார்த்தவை. இறம்பொடை, புசல்லாவை, கொத்மலை எல்லாம் ஒரு காலத்தில் கோப்பி மலைகள். வோர்ம்ஸ் சகோதரர்கள் புசல்லாவையில் றொத்சைல்ட் தோட்டத்தைக் கோப்பிக்காகத்தான் திறந்தார்கள். 1869இல் மடுல்சீமைப் பக்கத்தில் கோப்பி இலைகளின் அடியில் செம்மஞ்சள் தூள் படிந்திருப்பதைக் கண்டார்கள். பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் த்வைற்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்ப, பெர்க்லி என்ற பாதிரியார் ஆராய்ந்து ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார். வித்தின் ஒரு பாதி மழமழப்பு, மறுபாதி முள். அதனால் ஹெமிலியா, பாதி வழவழப்பு. வாஸ்டாட்ரிக்ஸ் என்றால் நாசம் செய்பவள். தோட்டத் துரைமார் அதை "எமிலி" என்று பெண்ணாக்கிக் கிண்டலடித்தார்கள். கிண்டல் நீண்ட நாள் நீடிக்கவில்லை. இருபது வருடத்துக்குள் கோப்பிச் செல்வம் போய்விட்டது. நமது முப்பாட்டன்மார் கோப்பிக்கென்று மன்னார்க் கரை வழியே நடந்து வந்தவர்கள். தேயிலைக்கு மாற்றப்பட்டது இந்தத் தூளால்தான்.

மார்ஷல் வார்ட் என்ற இளைஞர் 1880இல் இங்கு அனுப்பப்பட்டு இரண்டு வருடம் இதையே ஆராய்ந்தார். கண்ணாடித் தகடுகளைத் தோட்டத்தில் வைத்து, காற்றில் வரும் வித்துகளைப் பிடித்து எண்ணினார். காற்றில் பரவும் நோய் என்று நிறுவினார். மலை முழுவதும் ஒரே பயிராக நட்டால் நோய்க்கு நாமே விரிப்புப் போட்டுக் கொடுக்கிறோம் என்பதையும் சொன்னார். கேட்டவர்கள் அவர் மேல் சந்தோஷப்படவில்லை. அவர்களுக்கு மருந்துதான் வேண்டியிருந்தது. என் நோயாளிகளும் அப்படித்தான். விளக்கம் சொன்னால் முகம் சுருங்கும், குளிசை எழுதினால் மலரும்.

இனி உங்கள் தோட்டத்துக்கு வருவோம்.

இலையில் ஏதாவது புதிதாக முளைத்திருந்தால் நான் முதலில் கேட்பது, அது இலையின் சொந்தச் சதையா, அல்லது இலையின் மேல் உட்கார்ந்திருக்கும் வேறு ஒன்றா என்பதைத்தான். நகத்தால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். கழன்று வந்தால் அது வளர்ச்சியே அல்ல. தேசிக்காய் மரத்துத் தண்டில் பழுப்புப் பொட்டுப் பொட்டாக ஒட்டியிருப்பது செதிற்பூச்சி. செம்பரத்தைக் கொழுந்தில் பஞ்சு போல் இருப்பது மாவுப்பூச்சி. இலை மேல் அடுப்புக்கரி பூசினாற்போல் இருந்து துடைத்தால் போகிறதா? மேலே எங்கோ பூச்சி இருந்து இனிப்பு நீரைச் சொட்டவிடுகிறது, அந்த இனிப்பில் கரும்பூஞ்சணம் வளர்கிறது. எறும்பு வரிசையைப் பின்தொடர்ந்து போனால் பூச்சி இருக்கும் இடம் தெரியும். மாவிலையிலும் கொய்யா இலையிலும் செம்மஞ்சள் நிறத்தில் வெல்வெட் பொட்டு இருந்தால் அது பாசி இனம். ஆம், குளத்தில் வளரும் பாசியின் உறவுக்காரர்தான் இலை மேலும் வாழ்கிறார். மார்ஷல் வார்ட் இங்கிருந்த காலத்தில் அதையும் ஆராய்ந்தார். மரத்தின் அடியில் சாம்பல் பச்சையாகப் படர்ந்திருக்கும் லைக்கன் பற்றியும் கேட்கிறீர்கள். அது மரத்தைத் தின்பதில்லை, விட்டுவிடுங்கள். காற்று சுத்தமாக இருக்கிறது என்று சந்தோஷப்படுங்கள்.

சுரண்டி வராவிட்டால் அது இலையே வளர்த்த கட்டி. ஆங்கிலத்தில் இதற்கு கோல் என்பார்கள். நாம் பித்தக் கட்டி என்று சொல்லப்போனால் என் சத்திரசிகிச்சை நண்பர்கள் சிரிப்பார்கள். இலைக்கட்டி என்றே சொல்வோம். இதில் வேடிக்கை என்னவென்றால், கட்டியைக் கட்டுவது செடி, கட்டச் சொல்வது வேறொருவர். வீட்டுக்காரனின் செங்கல்லாலேயே வாடகைக்காரன் அறை கட்டிக்கொள்வது போல.

கறுவா இலையில் சிறு பருக்கள் நெருக்கமாக இருந்தால் அனேகமாக அது சிற்றுண்ணி. கண்ணுக்குத் தெரியாது; ஒரு மில்லிமீற்றரில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாத உயிர், இரண்டே சோடிக் கால். புங்கை இலையிலும் இப்படித்தான். ரொறொன்ரோ அக்காவின் மேப்பிள் பருவும் இந்தக் குடும்பத்து உண்ணியின் வேலைதான். முதலில் பச்சை, பிறகு சிவப்பு, பிறகு கறுப்பு. மரத்துக்கு ஒன்றும் ஆகாது. மாவிலையில் கடினமான சிறு மரு நிறைய இருந்தால், பிளேட்டால் ஒன்றைப் பிளந்து பாருங்கள். உள்ளே சின்னஞ்சிறு புழு இருக்கலாம். அது ஒரு கொசு போன்ற ஈயின் பிள்ளை. இங்கிலாந்தில் இருப்பவர்கள் காட்டு ரோசாவில் சிவந்த பாசி உருண்டை தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதைச் செய்வது ஒரு சிறு குளவி. அழகாக இருக்கும். அதை வெட்டாதீர்கள் என்பது என் தனிப்பட்ட வேண்டுகோள், வைத்திய ஆலோசனை அல்ல.

மெல்பேர்ண் தங்கைக்கு மட்டும் வெட்டச் சொன்னேன். அங்கே எலுமிச்சை, தோடைக் கிளைகளில் வரும் நீளமான வீக்கம் அவுஸ்திரேலியாவின் வடக்குப் பகுதிக்குச் சொந்தமான ஒரு குளவியின் வேலை. முதலில் அந்நாட்டுக் காட்டு எலுமிச்சையில் வாழ்ந்தது. நாம் வீட்டுக்கு வீடு எலுமிச்சை வைக்க, தெற்கே மெல்பேர்ண் வரை இறங்கிவிட்டது. வசந்தத்தில் குளவி வெளியே வரும். அதனால் ஓகஸ்ட் முடிவதற்குள் கட்டியுள்ள கிளைகளை வெட்ட வேண்டும். கட்டியில் பொட்டுப் பொட்டாகத் துளைகள் ஏற்கெனவே விழுந்திருந்தால் குளவி பறந்துவிட்டது. வெட்டி வருத்தப்பட வேண்டாம்.

எல்லோருக்கும் தெரிந்த ஒரு இலைக்கட்டியை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். மாசிக்காய்! பிள்ளைக்கு உரைமருந்து உரைக்கும்போது வசம்பு, சாதிக்காயோடு உரைப்போமே, அது காயே அல்ல. மேற்காசியாவில் ஒரு ஓக் மரத்தின் மேல் குளவி முட்டையிட, அந்த மரம் கட்டிய கட்டி. கடுக்காய்ப்பூ என்று நாட்டுமருந்துக் கடையில் விற்பதும் பூ அல்ல, கடுக்காய் மரத்தில் பூச்சியால் வரும் கட்டிதான். இவற்றின் துவர்ப்பு, செடி தன்னைக் காக்கச் சுரக்கும் தனின். அதே தனினை இரும்பு உப்போடு கலந்தால் நல்ல கறுப்பு மை வரும். ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்கில் அந்த மையால்தான் எழுதினார்கள். அந்தக் காலத்து நீலக்கறுப்புப் பேனா மைகளும் பெரும்பாலும் அந்த வகை. பாடசாலை அலுமாரியில் பழைய சேர்விடாப்புகளைப் பார்த்தால் இதையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இடையில் வைத்தியராக ஒரு வார்த்தை: ஆறு மாதம் வரை பிள்ளைக்குத் தாய்ப்பால் மட்டும். மாசிக்காயை மைக்கு வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளையின் நாக்குக்கு வேண்டாம். பெரியம்மாமார் கோபிக்கக் கூடாது.

இனி மண்ணுக்குக் கீழே. கோவா நட்டு, வெயில் ஏறினால் இலை வாடி, மாலையில் நிமிர்ந்து, கடைசியில் வளராமலே நின்றுவிட்டதா? பிடுங்கிப் பாருங்கள். வேர்கள் விரல் விரலாகக் கதாயுதம் போல வீங்கியிருந்தால் அது மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிர். ரஷ்யாவில் கோவாத் தோட்டங்கள் அழிந்தபோது வொரோனின் என்பவர் ஆராய்ந்து 1878இல் இதை வெளிப்படுத்தினார். அதன் வித்து மண்ணில் பல வருடம் உறங்கிக் கிடக்கும். புளித்த மண் அதற்குப் பிடிக்கும். சுண்ணாம்பு இட்டு மண்ணின் புளிப்பைக் குறைப்பது பழைய, நல்ல வழி. எந்தப் பூச்சி மருந்தும் இதற்கு உதவாது. இதை அழுத்திச் சொல்கிறேன்.

போஞ்சி வேரில் மணி மணியாக இருந்தால் பயந்து பிடுங்கி எறியாதீர்கள். ஒரு மணியை விரலால் தள்ளிப் பாருங்கள், இலேசாகக் கழன்றுவிடும். குறுக்கே வெட்டினால் உள்ளே இளஞ்சிவப்பு. இந்தச் சிவப்பு என்ன தெரியுமா? நமது இரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினின் உறவு. அந்த மணிக்குள் இருக்கும் பக்றீரியா காற்றிலிருக்கும் நைதரசனைப் பிடித்துச் செடிக்கு உரமாகக் கொடுக்கிறது. ஒட்சிசன் அதிகமானால் அதனால் வேலை செய்ய முடியாது. அதனால் செடி இந்தச் சிவப்பைச் செய்து ஒட்சிசனை அளந்து விடுகிறது. மருத்துவக் கல்லூரியில் முதலாம் ஆண்டில் ஹீமோகுளோபின் படித்தபோது எனக்கு எல்லாவற்றிலும் பெரிய ஆச்சரியம் இதுதான். மாறாக, வீக்கம் வேரோடு ஒன்றாகி, தள்ளினால் கழராமல், உள்ளே வெளிறியிருந்தால் அது வேர்முடிச்சுப் புழு. அந்த இடத்தில் அடுத்த தடவை தக்காளியோ கரட்டோ போட வேண்டாம். செவ்வந்தி இனத்து மஞ்சள் மேரிகோல்டை ஒரு போகம் நட்டுப் பார்க்கலாம்.

ரோசாச் செடியின் அடித்தண்டில், மண்ணை ஒட்டி, காலிஃபிளவர் போலக் கரடுமுரடாகக் கட்டி வந்தால் அதைப் பற்றிக் கொஞ்சம் நேரம் எடுத்துச் சொல்ல ஆசை. காரணம், இதுதான் உண்மையிலேயே புற்றுநோய்க்குப் பக்கத்தில் வருவது. 1907இல் அமெரிக்காவில் எர்வின் ஸ்மித், டவுன்சென்ட் என்ற இருவர் இதைச் செய்வது ஒரு பக்றீரியா என்று காட்டினார்கள். ஸ்மித் இதை மனிதப் புற்றுநோயோடு ஒப்பிட்டுப் பல காலம் வாதாடினார். பிற்பாடு இன்னொன்று தெரியவந்தது: பக்றீரியாவை முற்றாக அகற்றிவிட்டாலும் கட்டியின் கலங்கள் வளர்ந்துகொண்டே இருக்கின்றன. ஒரு தடவை கட்டளை கொடுத்தவன் போய்விட்டான், கட்டளை நிற்கிறது. எப்படி? 1977இல் மேரி டெல் சில்ட்டன் என்ற பெண் விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் விடை கண்டார்கள். அந்த பக்றீரியா தன் மரபணுவில் ஒரு துண்டைச் செடியின் கலத்துக்குள்ளேயே செருகிவிடுகிறது. இயற்கை இதைச் செய்கிறது என்றால் நாமும் இதே வாகனத்தில் நமக்கு வேண்டிய மரபணுவை ஏற்றலாமே என்று தொடங்கியதுதான் இன்றைய தாவர மரபணுப் பொறியியலில் பெரும்பகுதி. பின்வரிசையில் இருக்கும் உயர்தர உயிரியல் பிள்ளைகள் அந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள், மேரி டெல் சில்ட்டன்.

செடிக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. அதன் கலங்கள் சுவருக்குள் அடைபட்டவை, இடம் பெயர முடியாது. ஆகவே நமக்கு வரும் புற்றுநோய் போல ஈரலுக்கும் நுரையீரலுக்கும் பரவும் பேச்சே இல்லை. கட்டி வந்த ரோசா பல வருடம் பூத்துக்கொண்டிருக்கும். ஆனால் இந்த பக்றீரியா காயத்தின் வழியாகத்தான் நுழையும். அந்தச் செடியை வெட்டிய கத்தியால் அடுத்த செடியை வெட்டினால் நீங்களே ஊசி போட்டது போல. கத்தியை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு வெட்டுங்கள். இளஞ்செடியாக இருந்தால் மண்ணோடு தோண்டி எடுத்து அகற்றிவிடுவதே நல்லது.

இதெல்லாம் பொழுதுபோக்குப் போலத் தெரியலாம். ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்பதற்கு ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மலைநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் நான் கடமையில் இருந்தபோது ஒரு அம்மாவைக் கொண்டுவந்தார்கள். வாயில் எச்சில் வழிகிறது, கண்ணில் நீர், மூச்சு இரைக்கிறது, கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கிக் கிடக்கிறது. பார்த்தவுடன் தெரியும், பூச்சிநாசினி. குடித்தாரா என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். குடிக்கவில்லை. வளவிலிருந்த கறுவா மரத்தின் இலையில் பரு வந்திருக்கிறது என்று, மகன் உருளைக்கிழங்குக்கு வாங்கி வைத்திருந்த போத்தலை எடுத்து, அளவு பாராமல் கலக்கி, காற்றுக்கு எதிரே நின்று, அண்ணாந்து மரத்துக்கு அடித்திருக்கிறா. சேலை முழுவதும் நனைந்திருந்தது. உடுப்பைக் கழற்றி, உடம்பைக் கழுவி, அத்ரோப்பின் கொடுத்து, ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினோம். பிழைத்துவிட்டா. நான் சொன்னேனே கறுவா இலைப் பரு, மரத்துக்கு ஒன்றும் செய்யாத அந்தச் சிற்றுண்ணி, அதற்காக.

இந்த நாட்டு வைத்தியர்களுக்குப் பூச்சிநாசினி என்ற சொல்லைக் கேட்டாலே வயிற்றைப் பிசையும். 1995இல் மிகக் கொடிய வகைகளுக்கு அரசு தடை போட்டது. 1998இல் எண்டோசல்பானும் போனது. அதை அடுத்த பத்தாண்டில் நம் நாட்டுத் தற்கொலை வீதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. சனங்களின் துக்கம் பாதியாகக் குறையவில்லை. கைக்கெட்டிய இடத்தில் இருந்த போத்தலின் வீரியம் குறைந்தது, அவ்வளவுதான். பிறகு பராகுவாட், டைமெத்தோயேட், பென்தியன் ஆகியவையும் விலக்கப்பட்டன. இந்தத் தடைகள் காப்பாற்றிய உயிர்களின் எண்ணிக்கைக்கு எந்தச் சத்திரசிகிச்சை நிபுணரும் கிட்ட வர முடியாது. ஆகவே வீட்டுத் தோட்டத்தில் என்னவென்று தெரியாத ஒரு பருவுக்காக ஒரு போத்தல் வாங்கி அலுமாரியில் வைக்கிறீர்கள் என்றால், அது இலைக்கு மட்டுமான முடிவு அல்ல. அந்த வீட்டில் பரீட்சை எழுதும் பிள்ளை இருக்கிறது, கடன்பட்ட மனிதர் இருக்கிறார். இது நான் பயமுறுத்துவதற்காகச் சொல்வதல்ல, வார்ட்டில் பார்த்தது.

தோட்டங்களில் மருந்தடிப்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும் என்றேன். செம்பு மருந்து பூச்சிநாசினியைப் போல உடனே ஆளைச் சாய்ப்பதில்லை. ஆனாலும் கண்ணுக்கும் தோலுக்கும் நல்லதல்ல. கையுறை, கண்ணாடி, கழுவத் தண்ணீர், மாற்றுடுப்பு, இவை சலுகை அல்ல. நம்மில் எத்தனையோ பேர் இன்று தோட்ட முகாமைத்துவத்திலும் தொழிற்சங்கங்களிலும் அரசாங்க அலுவலகங்களிலும் இருக்கிறீர்கள். உங்கள் மேசைக்கு இந்தக் கோரிக்கை வரும்போது கையெழுத்தைத் தாமதிக்காதீர்கள்.

வெளிநாட்டில் இருக்கும் அக்காமாருக்கு ஒரு வேண்டுகோள். விடுமுறைக்கு வரும்போது சூட்கேசில் ஈரத் துணி சுற்றி ரோசாக் கட்டையும் கறிவேப்பிலைக் கன்றும் கொண்டுவருவதும், போகும்போது இங்கிருந்து தேயிலைக் கன்று கொண்டுபோவதும் நடக்கிறது. மறுக்காதீர்கள், எனக்குத் தெரியும். கொப்புள நோய் இன்றுவரை ஆபிரிக்கத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகவில்லை. அங்கேயும் கொழுந்தெடுத்துப் பிழைக்கும் பெண்கள் இருக்கிறார்கள். அதேபோல தென்னமெரிக்காவில் இறப்பரை அழித்த இலை நோய் இன்னும் நமது இறப்பருக்கு வரவில்லை. ஒரு இலை போதும். விமான நிலையத்தில் தாவரத் தடுப்புக்காப்பு அதிகாரி கேட்டால் கோபப்படாமல் எடுத்துக் காட்டுங்கள். 1869இல் அப்படி ஒருவர் நமக்கு இருந்திருக்கவில்லை.

கடைசியாக, இலையை யாருக்காவது காட்ட வேண்டுமென்றால் எப்படிக் காட்டுவது என்று சொல்லிவிட்டு அமர்கிறேன். மேற்பக்கம் ஒரு படம், அடிப்பக்கம் ஒரு படம், மரம் முழுவதும் தெரிய ஒரு படம். அளவுக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய்க் குற்றி. இளசா முற்றலா, ஒரு கிளையிலா எல்லாக் கிளையிலுமா, எப்போது கண்டீர்கள், அதற்கு முன் என்ன தெளித்தீர்கள், இதையெல்லாம் ஒரு வரியில் எழுதுங்கள். இலையையே கொண்டுபோவதானால் பொலித்தீன் பையில் போடாதீர்கள்; வியர்த்து அழுகிவிடும், பிறகு பார்ப்பவருக்கு அழுகல்தான் தெரியும். பழைய பத்திரிகைத் தாளில் மடித்து, கொப்பிக்குள் வையுங்கள். பக்கத்திலுள்ள கமநல நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டலாம். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம். தேயிலை என்றால் தலவாக்கலை இருக்கிறது. எனக்கும் அனுப்புங்கள், ஆனால் இரவு பத்து மணிக்குப் பிறகு மனிதக் கட்டிகள் மட்டும்.

காலையில் சிலர் வீட்டிலிருந்து இலைகள் கொண்டுவந்திருப்பதாகச் செயலாளர் சொன்னா. தேநீர் இடைவேளையில் வாசலுக்கு இடப்பக்கத்து மேசையில் இருப்பேன். இரண்டு உருப்பெருக்கிக் கண்ணாடியும் ஒரு பிளேட்டும் வைத்திருக்கிறேன். வரிசையாக வாருங்கள்.